மங்கலான டெமோவுக்கு ஏன் இத்தனை மவுசு? டார்க்வேவ் இசையும் அதன் முதல் ஒலிநாடாக்களும்

மகளின் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்க்கும் சேலத்து அப்பா, "என்ன கண்ணு, டேப்பு தேஞ்சு போச்சா?" என்றுதான் கேட்பார். ஓயாத 'உஸ்' இரைச்சல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரல், தகர டப்பாவைத் தட்டுவது போன்ற டிரம்ஸ். அதே பாட்டின் சுத்தமான ஸ்டுடியோ பதிவு அதே போனில் இருக்கிறது. மகள் அதை விட்டுவிட்டு இந்தத் தேய்ந்த பதிவையே திரும்பத் திரும்பக் கேட்கிறாள்.

பெலாரஸ் நாட்டு மின்ஸ்க் நகரத்து மொல்சாட் டோமா குழு 2018இல் வெளியிட்ட ஒரு பாட்டு 2020 வாக்கில் குறுங்காணொளிகள் வழியே உலகம் முழுக்கப் பரவியது. நம் ஊர் விடுதி அறைகள் வரை டார்க்வேவ் வந்து சேர்ந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வந்தவர்கள் அங்கிருந்து பின்னோக்கிப் போய், 1980களின் குழுக்களைத் தேடி, கடைசியில் அந்தக் குழுக்களின் முதல் டெமோக்களில், அதாவது மாதிரிப் பதிவுகளில், போய் நிற்கிறார்கள். தரம் குறைந்த பதிவை ஒருவர் ஏன் விரும்பித் தேட வேண்டும்? வெறும் பழமை மோகம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் இந்த இசையில் அதற்குத் தெளிவான தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது.

டார்க்வேவ் என்பது எது

1970களின் கடைசியில் இங்கிலாந்தில் பங்க் என்ற முரட்டு ராக் இசையின் வேகம் அடங்கியபோது, அதிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. ஒன்று போஸ்ட் பங்க்: தாழ்ந்த சுரங்களை எழுப்பும் பேஸ் கிதாரை முன்னே நிறுத்தி, கிதாரைக் குறைத்து, இருண்ட மனநிலைகளைப் பாடியது. இன்னொன்று நியூ வேவ்: மின்னணு முறையில் ஒலி எழுப்பும் சிந்தசைசரைச் சேர்த்துக்கொண்டு நடனத்தின் பக்கம் போனது. இரண்டும் கலந்து, சிந்தசைசரும், தாளத்தைத் தானே வாசிக்கும் டிரம் மெஷினும் இருக்க, பாட்டு மட்டும் சோகத்திலும் அச்சத்திலும் தங்கிவிட்ட வகைக்கு ஐரோப்பாவில் 1980களில் வந்த பெயர்தான் டார்க்வேவ்.

அடையாளங்கள் எளியவை. மாறாத தாளம். மெட்டைச் சுமக்கும் பேஸ் கிதார். ஒரே ஒரு விரலால் வாசித்தது போன்ற சிந்தசைசர் வரி. உணர்ச்சியைக் கொட்டாமல் அடக்கிப் பாடும் தாழ்ந்த குரல். இவை எல்லாவற்றையும் சுற்றி எதிரொலி. இளம்பிள்ளை, கொண்டலாம்பட்டிப் பக்கம் விசைத்தறி ஓடும் தெருவில் வளர்ந்தவர்களுக்கு அந்தத் தாளம் புதிதாக இருக்காது. ராத்திரி பகல் பாராமல் ஒரே கதியில் விழும் தறிச் சத்தத்துக்கு மேலே யாரோ தனக்குத்தானே மெதுவாகப் பாடிக்கொள்வதாக நினைத்துக்கொண்டால், இந்த இசையின் எலும்புக்கூடு கையில் வந்துவிடும்.

டெமோ என்பது எது

தமிழ் சினிமாவில் 'டிராக்' பாடுவது என்ற வழக்கம் உண்டு. பெரிய பாடகர் வருவதற்கு முன், இன்னொருவர் மெட்டைப் பாடிப் பதிவுசெய்து வைப்பார். பிறகு அந்தக் குரலை அழித்துவிட்டு உரியவர் பாடுவார். டெமோவும் கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். இசை நிறுவனத்துக்கோ, வானொலிக்காரருக்கோ, கச்சேரி அரங்கம் நடத்துபவருக்கோ "எங்கள் பாட்டு இப்படி இருக்கும்" என்று காட்டுவதற்கான மாதிரி. ரசிகர் காதுக்காகச் செய்யப்பட்டதே இல்லை.

ஸ்டுடியோ என்றால் என்ன என்று சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஏற்காடு சாலையில் இன்று முகப்பு வளைவு மட்டும் மிஞ்சி நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ், 1930களிலிருந்தே ஒலிப்பதிவு முதல் எடிட்டிங் வரை எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் வைத்திருந்த இடம். வெளிச்சத்தம் புகாத அறை, ஒலிப்பதிவாளர், மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்க நேரம். டெமோ எடுப்பவரிடம் இந்த மூன்றும் இருக்காது. படுக்கையறையும் இரவல் வாங்கிய மைக்கும்தான் இருக்கும்.

நாலே நாலு டிராக்

வீட்டில் டெமோ எடுப்பது பரவலானதற்கு ஒரு கருவி முக்கியக் காரணம். டீயாக் நிறுவனம் 1979இல் டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ 144 என்ற பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கேசட் கடையில் வாங்கும் சாதாரண கேசட்டிலேயே நாலு டிராக்குகளை, அதாவது நாலு ஒலித்தடங்களை, தனித்தனியாகப் பதியலாம். அதற்கு முன் இதற்கு அகலமான ஸ்டுடியோ டேப்பும் பெரிய இயந்திரமும் வேண்டும். அமெரிக்காவில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 தொடக்கத்தில் இதே பெட்டியில் வீட்டில் எடுத்த டெமோவை, ஸ்டுடியோவில் குழுவோடு மறுபடி வாசித்துப் பார்த்தும் திருப்தி வராமல், அதே ஆண்டு டெமோவையே 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக வெளியிட்டார். அவர் டார்க்வேவ் ஆள் இல்லை. ஆனாலும் டெமோவில் இருந்த ஏதோ ஒன்றை ஸ்டுடியோவால் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

நாலு டிராக்கில் வேலை செய்வதன் விளைவுகள் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளம்புகின்றன:

1. நாலுக்கு மேல் கருவி வேண்டுமென்றால், முதல் மூன்று டிராக்குகளில் டிரம்ஸ், பேஸ், சிந்தசைசர் பதிந்து, மூன்றையும் கலந்து நாலாவதற்கு மாற்ற வேண்டும். பிறகு முதல் மூன்றையும் அழித்து, அங்கே குரலையும் கிதாரையும் பதியலாம்.

2. கலந்தது கலந்ததுதான். பேஸ் சத்தம் கூடிவிட்டது என்று நாளைக்குத் தோன்றினாலும் பிரிக்க முடியாது. ஆகவே எது முன்னால், எது பின்னால் என்பதைப் பாட்டு பாதி வளர்வதற்குள்ளேயே முடிவுசெய்தாக வேண்டும். டெமோக்களில் நாம் உணரும் துணிச்சல் பெரும்பாலும் இந்தக் கட்டாயத்திலிருந்து வருவது.

3. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் டேப்பின் இரைச்சல் புதிதாகச் சேரும். ஒரே அளவு இரைச்சல் இன்னொரு முறை சேர்ந்தால் 3 டெசிபல் கூடும். கூடவே உச்ச ஒலிகள், அதாவது கீச்சென்ற உயர் சுருதி ஒலிகள், கொஞ்சம் மழுங்கும்.

4. இந்தச் சேதத்துக்குப் பயந்தே கருவிகளைக் குறைத்துக்கொள்வார்கள். எலும்பும் தோலுமாக நிற்கும் அந்த அமைப்பு பின்னாளில் இந்த வகையின் பாணியாகவே ஆகிவிட்டது.

கையில் இருந்த மற்ற கருவிகளும் அப்படித்தான். 1980 வாக்கில் வந்த பாஸ் டிஆர்-55 டிரம் மெஷினில் நாலே ஒலிகள். லீட்ஸ் நகரத்து சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்ஸி குழு ஆரம்பத்தில் இந்த இயந்திரத்தை வைத்துக்கொண்டு, அதற்கு 'டாக்டர் அவலாஞ்ச்' என்று பெயர் சூட்டி, குழுவில் ஓர் ஆளாகவே சேர்த்துக்கொண்டது. அன்றைக்கு விலை குறைந்த சிந்தசைசர்களில் பல, ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே எழுப்பும். ஒற்றை விரல் மெட்டு என்று மேலே சொன்னது அங்கிருந்து வந்தது. ஜாய் டிவிஷன் குழுவின் பீட்டர் ஹுக் பேஸ் கிதாரை மேல் ஸ்தாயியில் வாசித்ததற்கும் இப்படியொரு காரணமே உண்டு. அவருடைய ஸ்பீக்கர் மோசமானது. மேலே வாசித்தால்தான் அவர் காதுக்கே கேட்கும். அந்த வாசிப்பு முறைதான் இன்று உலகம் முழுக்க டார்க்வேவ் பேஸ் கிதாரின் இலக்கணம்.

மங்கல் எப்படித் தூரமாகிறது

விஷயத்தின் மையம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஓர் ஒலி எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்பதை மூளை முக்கியமாக மூன்று தடயங்களை வைத்துக் கணிக்கிறது. சத்தம் எவ்வளவு, நேராக வரும் ஒலியைவிட எதிரொலி எவ்வளவு அதிகம், உச்ச ஒலிகள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன. மூன்றாவதுக்குக் காரணம் காற்று. தாழ்ந்த ஒலிகளைவிட உச்ச ஒலிகளைக் காற்று அதிகம் விழுங்கும்.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவின்போது இதை நேரிலேயே சோதிக்கலாம். குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றால் பாட்டின் ஒவ்வொரு சகரமும் காதைக் குத்தும். காப்பித் தோட்டங்களுக்குள் இறங்கி நடக்க நடக்க, முதலில் வார்த்தை போகும். மெட்டு மட்டும் கூட வரும். தமிழின் உயிர் ஒலிகளுடைய பலம் பெரும்பாலும் 3000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. ச, ட, த போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டும் கூர்மை அதற்கு மேலே நிறைய இருக்கிறது. தூரம் கூடும்போது மெய் கரைந்து உயிர் மட்டும் மிதந்து வருகிறது. யார் பாடுகிறார், எந்த ராகம் என்பது புரியும்; என்ன சொல்கிறார் என்பது புரியாது.

கேசட்டும் இதையேதான் செய்கிறது. அதன் நாடா 3.81 மில்லிமீட்டர் அகலம். ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். ஸ்டுடியோ டேப் நொடிக்கு 38 அல்லது 76 சென்டிமீட்டர் ஓடும். மெதுவாக ஓடும் குறுகிய நாடாவில் முதலில் அடிபடுவது உச்ச ஒலிகள்தான். நகலின் நகல் எடுத்தால் இன்னும் அடிபடும். ஆக, மைக்கில் வாயை ஒட்டிவைத்துப் பாடிய குரல்கூட, இரண்டு நகல் தாண்டியதும் மலைக்கு அந்தப் பக்கமிருந்து வருவதாக மூளைக்குத் தோன்றுகிறது.

ஆனால் 'உஸ்' இரைச்சல் அப்படித் தோன்றுவதில்லை. அது காதோடு ஒட்டியே இருக்கிறது. ஹெட்போனில் கேட்கும்போது, தூரத்தில் ஒருவர் பாடுவதும், அவருக்கும் நமக்கும் நடுவே இருக்கும் காற்று நம் காதிலேயே ஊதுவதும் ஒரே நேரத்தில் நடக்கிறது. கார்த்திகை மாசத்து ஏற்காட்டில் ஏரிக்கு எதிர்க்கரையில் யாரோ பேசிக்கொண்டிருக்க, நடுவே பனிமூட்டம் மட்டும் முகத்தில் படுவது போன்ற நிலை. பிரிவையும் எட்டாமையையும் பாடும் இசைக்கு இதைவிடப் பொருத்தமான ஒலிச்சூழல் இருக்க முடியுமா? கல்யாண வீட்டு நாகஸ்வரத்தை இப்படிப் பதிந்தால் அது வெறும் கெட்ட பதிவு. இங்கே பதிவின் குறையும் பாட்டின் பொருளும் ஒரே திசையில் இழுக்கின்றன.

இன்னும் ஒன்று. மலிவான கேசட் இயந்திரத்தின் மோட்டார் சீராகச் சுற்றாது. சுருதி நூலிழை அளவுக்கு மேலும் கீழும் ஆடும். சிந்தசைசரும் டிரம் மெஷினும் பிசகே இல்லாத இயந்திரங்கள். அவற்றின் மேல் இந்த ஆட்டம் படியும்போது, இயந்திரம் மூச்சு விடுவது போலக் கேட்கும்.

மூன்று குழுக்கள், மூன்று விதம்

முதலாவது, இங்கிலாந்தின் நார்த்தாம்டன் நகரத்து பௌஹவுஸ். குழு சேர்ந்து சில வாரங்களே ஆன நிலையில், 1979 ஜனவரி 26ஆம் தேதி வெலிங்பரோவில் ஒரு சிறிய ஸ்டுடியோவில் ஐந்து பாட்டுகள் பதிந்தார்கள். அதில் ஒன்று ஒன்பது நிமிடத்துக்கும் மேல் ஓடும் 'பேலா லுகோசிஸ் டெட்'. எல்லோரும் ஒன்றாக வாசித்துப் பதிந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டுத் தட்டாக, வெளிவந்து, இந்த இசை மரபு முழுமைக்கும் மூலப் பாட்டாக ஆனது. டெமோ எடுக்கிற நாளில் எடுத்ததே கடைசி வடிவம். அந்த ஐந்து பாட்டுகளும் ஒன்றாக ஒரே வெளியீட்டில் வந்தது 2018இல்தான்.

இரண்டாவது மான்செஸ்டர் பக்கத்து ஜாய் டிவிஷன். மேலே சொன்ன வாதத்தை அப்படியே தலைகீழாக்கிக் காட்டும் குழு இது என்பதால் இதை விட்டுவிட முடியாது. 'வார்சா' என்ற பெயரில் அவர்கள் 1977 ஜூலையில் பதிந்த ஐந்து பாட்டு டெமோவில் தூரமும் இல்லை, மூட்டமும் இல்லை. முரட்டுத்தனமான பங்க்தான் இருக்கிறது. தூரம் வந்தது 1979இல், தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் கையால். ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் டிஜிட்டல் எதிரொலிக் கருவிகளை வைத்து, ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியாகப் பிரித்து நிறுத்தி, 'அன்நோன் பிளஷர்ஸ்' ஆல்பத்தின் அந்தக் காலி வெளியை உருவாக்கினார். குழுவில் பீட்டர் ஹுக்குக்கும் பெர்னார்ட் சம்னருக்கும் அன்றைக்கு அது பிடிக்கவில்லை. மேடையில் தாங்கள் வாசிக்கும் வேகம் போய்விட்டது என்று வருந்தினார்கள்.

இந்த ஆல்பத்தைக் கேட்டு வளர்ந்த அடுத்த தலைமுறைக்கு அந்தத் தூரம் வேண்டியிருந்தது. ஹானெட்டின் கருவிகளை வாங்கக் காசில்லை. கையில் இருந்தது கேசட். ஹானெட் விலையுயர்ந்த கருவிகளால் கட்டியெழுப்பிய தூரத்தில் ஒரு பங்கை, கேசட் தன் குறைபாட்டாலேயே கொடுத்துவிட்டது. டார்க்வேவ் டெமோக்களின் ஈர்ப்புக்கு என்னைப் பொறுத்தவரை அடிப்படைக் காரணம் இதுதான். 1977இன் வார்சா டெமோவைத் தேடிக் கேட்பவருக்குக் கிடைப்பது வேறொன்று: ஒரு குழு தன் குரலைக் கண்டுபிடிப்பதற்கு முந்தைய நிலை. அதுவும் மதிப்புள்ளதுதான். ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

மூன்றாவது, நெதர்லாந்தின் நைமேகன் நகரத்தில் தொடங்கிய கிளான் ஆஃப் சைமாக்ஸ். அவர்கள் 1983இல் 'சப்சிக்வென்ட் பிளஷர்ஸ்' என்ற சிறு இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டார்கள். மொத்தம் 500 பிரதிகள். இரண்டு ஆண்டு கழித்து லண்டனின் 4ஏடி நிறுவனத்தில் முதல் முழு ஆல்பம் வந்தது. முதல் தட்டில் இருந்த கொசுவைப் பற்றிய பாட்டு ஒன்றை 1987இல் அதே நிறுவனத்தின் தொகுப்புக்காக மறுபடி பதிந்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், மெட்டும் தாளமும் முன்னதிலேயே முழுசாக இருப்பது தெரியும். பின்னது அகலமாக, பளபளப்பாக, வலுவாக இருக்கிறது. நேர்மையாகச் சொன்னால் நடன அரங்கில் பின்னதுதான் நிற்கும். தனியறையில் கேட்க முன்னது. எது உயர்ந்தது என்ற சண்டைக்கு இங்கே இடமில்லை. இரண்டும் இரண்டு வேலை செய்கின்றன.

அரிது என்பதால் வரும் மவுசு

500 பிரதி என்றவுடன் விலை ஏறும், ஏலம் நடக்கும், வைத்திருப்பவர் பெருமைப்படுவார். அது சந்தையின் கணக்கு. இசையோடு அதற்குச் சம்பந்தம் குறைவு. நல்லவேளையாக இந்த மாதிரிப் பழைய பதிவுகள் பல முறையாக மறுவெளியீடு கண்டுவிட்டன. தி க்யூர் குழுவின் 1980, 1981 ஆல்பங்கள் 2005இல் மறுபடி வந்தபோது வீட்டு டெமோக்களும் சேர்ந்தே வந்தன. நியூயார்க்கின் மினிமல் வேவ் நிறுவனம் 2005இல் தொடங்கியதே இப்படிப் புதைந்து கிடந்த வீட்டுப் பதிவுகளை வெளிக்கொணரத்தான். இன்று யாரும் ஏலம் எடுக்காமலே இவற்றைக் கேட்கலாம்.

அரிய பொருள் என்பதைவிட, கைமாறி வந்த பொருள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1980களில் நம் ஊர் ரெக்கார்டிங் சென்டர்களில் பாட்டுப் பட்டியலைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, இரண்டு நாள் கழித்துப் போய் கேசட் வாங்கியவர்களுக்கு இது புரியும். எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்பது நம் தேர்வு. உறையில் இருப்பது கடைக்காரர் கையெழுத்து. பக்கம் முடிவதற்குள் பாட்டு பாதியில் அறுந்தால் அந்த அறுபடலும் மனப்பாடம். ஐரோப்பாவில் டெமோ கேசட்டுகளும் இப்படித்தான் அஞ்சலில் நண்பருக்கு நண்பர் போயின.

இரைச்சலைச் சேர்த்தால் டெமோ ஆகிவிடுமா

ஆகாது. இன்று கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் கேசட் இரைச்சலும் சுருதி ஆட்டமும் எந்தப் பதிவின் மேலும் படிந்துவிடும். நூறு டிராக் வைத்து நிதானமாகச் செய்த பாட்டின் மேல் கடைசியில் அதைப் பூசினால், தோல் மட்டும்தான் பழசாகும். நாலு டிராக்கின் நெருக்கடியில் எடுத்த முடிவுகள்தான் பழைய டெமோவின் உடம்பு. அந்த நெருக்கடி இல்லாமல் மேற்பூச்சு மட்டும் இருந்தால் இரண்டாவது முறை கேட்கும்போதே காது கண்டுபிடித்துவிடும்.

மறுபக்கம் இன்னொரு தவறு நடக்கிறது. பழைய டெமோவை மறுவெளியீடு செய்கிறவர்கள் இரைச்சலை மென்பொருளால் துடைத்து, சத்தத்தையும் உயர்த்திவிடுகிறார்கள். இரைச்சலோடு அறையின் எதிரொலி வாலும் துடைபட்டுப் போகிறது. தூரம் போய்விடுகிறது, மெலிந்த குரல் மட்டும் வெட்டவெளியில் நிற்கிறது. வாங்கும் முன் பழைய பதிவின் ஒரு நிமிடத்தையும் புதியதன் ஒரு நிமிடத்தையும் ஒப்பிட்டுக் கேட்பது நல்லது.

எல்லா டெமோவும் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. மெட்டு பலமாக இல்லாத பாட்டை மூட்டம் காப்பாற்றாது. தோட்டத்தின் கடைசி மூலையிலும் மெட்டு எட்டினால்தான் தூரத்துப் பாட்டு. எட்டாவிட்டால் வெறும் இரைச்சல்.

சேலத்தில் டெமோ வைத்திருப்பவர்களுக்கு

கல்லூரிக் காலத்துக் கச்சேரி ஒத்திகை, தேவாலயப் பாடகர் குழு, மெல்லிசைக் குழு என்று நம் வீடுகளின் பரண்களிலும் முதல் பதிவுகள் கிடக்கின்றன. டார்க்வேவ் டெமோக்கள் இன்று நமக்குக் கிடைப்பதற்கு ஒரே காரணம், யாரோ ஒருவர் அந்தக் கேசட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததுதான். உங்கள் கேசட்டுக்கும் அதே கவனம் வேண்டும்.

1. ஏற்காட்டு ஈரத்தில் நாடாவின் மேல் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். கேசட்டின் கண்ணாடி வழியே சுருளைப் பாருங்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் ஓட விடாதீர்கள். இயந்திரத்தில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். சேலத்து வெயிலில் கார் டேஷ்போர்டில் வைப்பதும் கேசட்டைக் கெடுக்கும்.

2. நாலு டிராக் பெட்டியில் பதிந்த மூல கேசட்டைச் சாதாரண பிளேயரில் போட்டால், இரண்டு டிராக்குகள் மட்டும் கேட்கும். மறுபக்கம் திருப்பினால் மற்ற இரண்டும் தலைகீழாக ஓடும். போர்ட்டாஸ்டுடியோ 144 வழக்கமான வேகத்தைவிட இரட்டிப்பு வேகத்தில் பதிவதால், அதில் எடுத்தது பாதி வேகத்தில் இழுத்துக்கொண்டு கேட்கும். கெட்டுவிட்டது என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள்.

3. கணினிக்கு மாற்றும்போது 24 பிட் வேவ் (WAV) கோப்பாக எடுங்கள். இரைச்சல் நீக்கம் எதையும் இந்தப் படியில் போட வேண்டாம். துடைப்பதானால் பிறகு வேறொரு நகலில் துடைத்துக்கொள்ளலாம்.

4. இதையெல்லாம் தொடங்குவதற்கு முன், கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு ஓரங்களிலும் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பற்களை உடைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு யார் தவறிப் போய் ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் அது உள்ளே இறங்காது.